தெரிவும் பொறுப்பும்: இரட்சணிய யாத்திரிகத்தை மறுவாசிப்புச் செய்தல்

முன்னுரை

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு நூலுருப் பெற்றது. அதற்கு முன்னர் ‘நற்போதகம்’ என்னும் கிறித்துவ இதழில் அது பல்லாண்டுகள் தொடராக வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக விரியும் இக்காப்பியத்தைத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடுகின்றன. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையின் தழுவல். கம்பனின் நடையைப் பின்பற்றியது. ஆசிரியர் ‘கிறித்துவக் கம்பர்’ எனப் போற்றப்படுபவர். மாணவர்களும் இம்மூன்று தொடர்களை மனனம் செய்து தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். நூலின் உள்ளீடு என்ன என்னும் வினா எழாமலேயே பாடம் முடிந்துவிடுகிறது.

இக்காப்பியம் ஒரு மனிதனின் சமயத் தெரிவைப் பற்றியது. அத்தெரிவை யார் செய்தார், அதன் விளைவுகளுக்கு யார் பொறுப்பு என்பதே அதன் கதைப்போக்கை நடத்திச் செல்லும் வினா. ஆயினும் நம் திறனாய்வு இவ்வினாவை மூன்று வழிகளில் தவிர்த்து வந்துள்ளது எனலாம். சமய அன்பர்கள் ஆசிரியரின் மனமாற்றத்தைத் திருச்சபையின் வெற்றியாகக் கொண்டனர். ஐயுறவு நோக்கினர் அதனைப் பாதிரிமார்களின் தூண்டுதலாகவும் பிழைப்பின் தேவையாகவும் விளக்கினர். நடையியல் நோக்கினர் கம்பனின் சாயல்களைப் பட்டியலிட்டு நிறைவுற்றனர். இம்மூன்று நோக்குகளும் தமக்குள் முரண்படுவனவே. எனினும் தெரிவு செய்த மனிதனை அவனது தெரிவிலிருந்து அகற்றிவிடுவதில் இவை ஒன்றுபடுகின்றன. இக்கட்டுரை அம்மனிதனை மீண்டும் நடுவிடத்தில் நிறுத்தி நூலை வாசிக்க முற்படுகிறது. அவ்வாசிப்பு இன்றைய மலேசியத் தமிழ் இளைஞருக்கும் அவர்தம் ஆசிரியருக்கும் எவ்வகையில் பயன்படும் என்பதும் இறுதியில் நோக்கப்படும்.

பெர்சிவலைச் சூழ்ந்த மூவர்

நூலுக்குள் புகுமுன் அது தோன்றிய காலத்தின் சூழலைச் சற்றுக் காண்பது தேவையாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பீட்டர் பெர்சிவல் என்னும் ஒரே பாதிரியாருடன் மூன்று தமிழறிஞர்கள் தொடர்பு கொண்டிருந்தனர். மூவரும் சமயத்தைப் பொறுத்தவரை மூன்று வெவ்வேறு முடிவுகளை எடுத்தனர் என்பது நம் இலக்கிய வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தியாகும்.

முதலாமவர் யாழ்ப்பாணம் நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் (1822-1879). வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பெர்சிவலிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. ஆனால் நாவலர் அதற்கு முன்பே, 1848இல், அப்பணியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிறித்துவ நூலைத் தமிழாக்கிய கைகளே 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதின.

இரண்டாமவர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம் பிள்ளை (1832-1901). கிறித்துவக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் கல்வி கற்றவர். பெர்சிவல் சென்னைக்கு வந்து தொடங்கிய ‘தினவர்த்தமானி’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னர்ச் சைவத்திற்குத் திரும்பி, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தார்.

மூன்றாமவர் கிருஷ்ண பிள்ளை (1827-1900). திருநெல்வேலிச் சீமையின் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து வளர்ந்தவர். 1853இல் சாயர்புரத்தில் மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் தினவர்த்தமானியின் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணியாற்றினார்.

மூவருக்கும் ஏறத்தாழ ஒரே சூழல். ஒரே வகைக் கல்வி நிறுவனங்கள். ஒரே பாதிரியாரின் நட்பு. சூழலே மனிதனின் முடிவைத் தீர்மானிக்கிறது என்று கொண்டால் இம்மூவரும் ஒரே திசையில் சென்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மேலும், கிருஷ்ண பிள்ளை பிழைப்புக்காகவே மதம் மாறினார் என்னும் ஊகத்திற்குக் காலவரிசையே தடையாக நிற்கிறது. மிஷன் பணியில் ஐந்தாண்டுகள் இருந்த பின்னரே அவர் திருமுழுக்குப் பெற்றார். வைணவராக இருந்தபோதே அவருக்கு அவ்வேலை கிட்டியிருந்தது. அவருடைய தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே கிறித்துவரானார். நண்பர்களின் உரையாடலும் நூல்களும் அவர் மனத்தில் வேலை செய்தன. இவை தூண்டுதல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் தூண்டுதல் வேறு, முடிவு வேறு.

நிறுவனத்தின் அழுத்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வட்டுக்கோட்டைச் செமினரியே சான்று. 1823இல் தொடங்கிய அக்கல்விக்கூடம் 1855இல் மூடப்பட்டது. அங்குப் பயின்றோர் உயர்கல்வியையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடிய அளவுக்கு மிஷன் எதிர்பார்த்த மனமாற்றம் விளையவில்லை என்பது மூடலுக்கான காரணங்களுள் முதன்மையானது. மாணவர்கள் கல்வியை ஏற்றனர். நம்பிக்கையை ஏற்பதா விடுவதா என்பதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். அவர்களை ஏமாற்றப்பட்டோர் என்றோ நன்றி மறந்தோர் என்றோ கூறும் இருவகைக் கூற்றுகளும் அவர்களைச் சிறுவராகவே கருதுகின்றன.

ஊழும் தெரிவும்: தமிழ் மரபின் இரு குரல்கள்

சமயத் தெரிவுக்குத் தனிமனிதன் பொறுப்பேற்றல் என்பது மேலைநாட்டிலிருந்து கிறித்துவம் கொண்டுவந்த கருத்து எனச் சிலர் கருதுவர். அக்கருத்து முழுமையாகப் பொருந்தாது. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பாடினார். 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடினார். ஒன்றினால் மற்றொன்றை அழிக்காமல் இரண்டையும் தம் நூலில் நிறுத்தினார். சிலப்பதிகாரம் ஊழ்வினையைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாக அறிவிக்கிறது. ஆயினும் கண்ணகியின் சிலம்பு உடைபட்ட கணத்தில் பாண்டியன் ஊழின்மேல் பழியைச் சுமத்தவில்லை; பொற்கொல்லனின் மேலும் சுமத்தவில்லை. குற்றம் தன்னுடையது என ஏற்று, அரியணையிலேயே உயிர் துறக்கிறான். ஊழைப் பேசும் காப்பியத்திலேயே பொறுப்பேற்றலின் உச்சம் அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

இளமையில் சமயத்தைத் தெரிந்தெடுத்தல் என்னும் பொருளுக்கு மணிமேகலை மிக அணுக்கமான சான்றாகும். வஞ்சி மாநகரில் அவள் பல்வேறு சமயக் கணக்கரையும் கண்டு, ஒவ்வொருவரின் கொள்கையையும் கேட்டறிந்த பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். முற்பிறப்பு நினைவும் தெய்வத்தின் துணையும் அவளுக்கு உண்டு. எனினும் கேட்டு, ஒப்பிட்டு, விலக்கி, ஏற்கும் முறையைச் சாத்தனார் தவிர்க்கவில்லை. திருநாவுக்கரசரோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். இளமையில் சமண நெறியைத் தழுவித் தருமசேனராக உயர்ந்து, பின்னர்ச் சைவத்திற்கு மீண்ட அவர், கழிந்த காலத்திற்காகத் தம்மையே நொந்துகொள்வதைத் தேவாரத்தில் பரக்கக் காணலாம். தம்மை ஈர்த்தவரைக் காட்டித் தாம் தப்பித்துக்கொள்ளும் போக்கை அவர் மேற்கொள்ளவில்லை.

கம்பனிடமும் இரு குரல்கள் உள்ளன. அயோத்தியா காண்டத்தில் சினந்தெழும் இலக்குவனை இராமன் ஆற்றும்போது, தந்தையின் பிழையும் தாயின் பிழையும் பரதனின் பிழையும் அன்று, விதியின் பிழையே என்று கூறுகிறான். நீரற்ற ஆற்றின்மேல் குற்றம் காண இயலாது என்பது அவன் காட்டும் உவமை. இஃது ஆறுதலின் குரல். யுத்த காண்டத்தில் வீடணன் தமையனைத் துறந்து இராமனிடம் அடைக்கலம் புகுகிறான். கும்பகருணன் தமையன் செய்வது தவறென அறிந்தும் அவனுடன் நின்று மடிகிறான். இருவரும் தத்தம் தெரிவின் விலையை நன்கறிவர். இருவரும் விதியின் பின்னால் ஒளியவில்லை. இது பொறுப்பின் குரல்.

கம்பனில் ஊறிய கிருஷ்ண பிள்ளை இவ்விரு குரல்களுள் எதனைத் தம் காப்பியத்திற்கு எடுத்துக்கொண்டார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. விருத்தத்தின் ஓசையையும் வருணனையின் வளத்தையும் காப்பிய உறுப்புகளையும் அவர் கம்பனிடமிருந்து பெற்றார். விதியின் பிழை என்னும் ஆறுதலை மட்டும் அவரால் பெற இயலாது. பாவத்தைத் தன் முதுகில் தானே சுமக்கும் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட கதையில், அச்சுமை ஊழினால் வந்தது என்று கூறிவிட்டால் கதையே இல்லாமற் போகும். ஆகவே கம்பனின் சாயல் எங்கெங்குத் தென்படுகிறது என்று தேடும் ஆய்வு, கம்பனை எங்கே அவர் விட்டு விலகினார் என்பதையும் தேடுதல் வேண்டும். நடையில் ஒப்புமை மிகுதி. பொருளில் வேற்றுமை மிகுதி. வீடு துறந்து ஓடும் யாத்திரிகனைக் காணும் தமிழ் வாசகனின் நினைவில் இராமனைவிட வீடணனே எழுவான் என்பது இவ்விடத்துக் கருதத்தக்கது.

கதைப்போக்கில் தெரிவு

காப்பியத்திற்கு அடித்தளமான பன்யனின் கதையமைப்பை இனி நோக்குவோம். உருவகக் கதைக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. பாத்திரத்தின் பெயரே அதன் இயல்பை முன்கூட்டி அறுதியிட்டுவிடுகிறது. பிடிவாதம் என்று பெயர் பெற்றவன் பிடிவாதமாகவே இருப்பான். இணக்கம் என்று பெயர் பெற்றவன் எவர் அழைத்தாலும் இணங்குவான். தலைவன் அழிவுநகரை விட்டுப் புறப்படும்போது அவனைத் திருப்பியழைக்க வரும் அண்டை வீட்டார் இவ்விருவரே. முன்னவன் ஏசிவிட்டுத் திரும்புகிறான். பின்னவன் மோட்ச இன்பங்களின் கதையைக் கேட்டு மகிழ்ந்து உடன் வருகிறான். முதற் சேற்றில் விழுந்தவுடன் கோபித்துக்கொண்டு வீட்டுப் பக்கமாக உள்ள கரையில் ஏறிப் போய்விடுகிறான். அவன் மறுத்ததுமில்லை, ஏற்றதுமில்லை. பிறர் சொல்லால் வந்தவன் தன் சிரமத்தால் திரும்பினான்.

இத்தகைய பெயர்ச்சிறைக்குள் சுதந்திரமான தெரிவுக்கு இடம் எங்கே? தலைவன் ஒருவனுக்கு மட்டும் பெயர் மாறியிருக்கிறது என்பதில் விடை அடங்கியுள்ளது. தன் பெயர் முன்னர் வேறு என்றும், அருளற்றவன் என்னும் பொருள்படும் பெயரே தனக்கு முதலில் வழங்கியது என்றும் அவன் வாயிற்காவலனிடம் கூறுகிறான். பழைய பெயரை மறைக்காமல் கூறுவதே அவனது தகுதி. தெரிவு செய்பவன் தன் முந்திய நிலையையும் தனதென்று ஒப்புகிறான். கிருஷ்ண பிள்ளை திருமுழுக்கில் ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களைப் பெற்றபோதும் கிருஷ்ண பிள்ளை என்னும் பெயரை விட்டுவிடவில்லை. காப்பியத்தின் முகப்பில் இரு பெயர்களும் அருகருகே நிற்கின்றன.

பொறுப்பேற்றலின் செறிந்த இடம் மாற்றுப்பாதைப் பகுதியாகும். நேர்வழி கரடுமுரடாகிக் கால் நோவெடுக்கும்போது, வேலிக்கு அப்பால் மென்மையான புல்வெளிப் பாதை ஒன்று தெரிகிறது. அதில் செல்லலாம் என்று கூறுபவன் தலைவனே. அப்பாதை வழிவிலக்கிவிட்டால் என்னாவது என்று உடன்வரும் தோழன் ஐயுறுகிறான். மூத்தவன் என்பதால் அவன் சொல்லுக்கு இணங்குகிறான். இரவும் மழையும் வெள்ளமும் சூழ்ந்தபோது தலைவன் தோழனிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஆபத்து இருப்பின் அது தன்னையே முதலில் தாக்கட்டும், வழிதவறக் காரணமானவன் தானே என்று சொல்லித் தான் முன்னே செல்ல விழைகிறான். பின்னர் அவநம்பிக்கை அரக்கனின் சிறையில் புதன் முதல் சனி வரை இருவரும் வாடுகின்றனர். விடுதலை தரும் திறவுகோல் தலைவனின் நெஞ்சருகிலேயே முதலிலிருந்தே இருந்திருக்கிறது. தப்பிய பின் இருவரும் செய்யும் முதற் செயல், பின்வருவோர் அப்பாதையில் இறங்காதவாறு எச்சரிக்கைத் தூண் ஒன்றை நாட்டுவதாகும்.

பொறுப்பேற்றலின் நான்கு படிகளை இப்பகுதி காட்டுகிறது: தவறு தனதென்று கூறுதல், பாதிக்கப்பட்டவனிடம் நேரில் கூறுதல், விளைவைத் தானே முன்னின்று ஏற்க முன்வருதல், பிறருக்கு அது நேராதவாறு அடையாளம் நாட்டுதல். குற்றவுணர்வில் மூழ்கிக் கிடத்தல் இவற்றுள் ஒன்றன்று. அதனைக் கதை அவநம்பிக்கையின் சிறை என்றே பெயரிடுகிறது. கிறித்துவ நம்பிக்கை இளைஞரைக் குற்றவுணர்வில் அமிழ்த்துகிறது என்று கூறுவோரும், மன்னிப்பு உண்டென்பதால் அது அவர்களைப் பொறுப்பற்றவராக்குகிறது என்று கூறுவோரும் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் நலம்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகனின் உவமையும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. தன் பங்கைப் பெற்றுத் தூரதேசம் சென்று அழித்த அவன் பசியால் வாடியபோது, அந்நாட்டில் பஞ்சமும் நிலவியது எனக் கதை கூறுகிறது. பஞ்சத்தைக் காரணம் காட்ட அவனுக்கு வாய்ப்பிருந்தது. அவன் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த சொற்களில் பஞ்சம் இடம்பெறவில்லை. அவன் செய்தது மட்டுமே இடம்பெற்றது.

பன்யன் கதையின் இளைஞன் யார்? அறியாமை என்னும் பெயருடைய துடிப்பான ஒருவன் கோணல் சந்து வழியாக வந்து யாத்திரிகரோடு சேர்கிறான். ஒழுக்கமானவன், கடன் வைக்காதவன், வழிபாடு தவறாதவன். நீங்கள் உங்கள் நாட்டுச் சமயத்தைப் பின்பற்றுங்கள், நான் என் நாட்டுச் சமயத்தைப் பின்பற்றுகிறேன் என்பது அவன் வாதம். இறுதியில் வாயிலில் சான்று கேட்கப்படும்போது அவன் மடியைத் துழாவுகிறான், ஒன்றும் கிடைக்கவில்லை. இம்முடிவின் கடுமை வாசகரை உறுத்தும். அதனைச் சமயக் கோட்பாட்டின் தீர்ப்பாக மட்டும் கொள்ளாமல், பிறந்த ஊரின் பழக்கத்தையே தன் நம்பிக்கை என்று எண்ணிவிட்ட ஒருவனின் நிலையாகவும் வாசிக்கலாம். கேட்டபோது எடுத்துக்காட்ட அவனுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. எந்தச் சமயத்தில் பிறந்த இளைஞனுக்கும் இந்நிலை நேரக்கூடியதே.

காப்பியத்தின் குறை

இத்தகைய நூலிலும் விடைபெறாத வினா ஒன்று உள்ளது. அதனைச் சுட்டாமல் செல்வது திறனாய்வாகாது. யாத்திரிகன் புறப்படும்போது மனைவியும் மக்களும் கூவியழைக்கின்றனர். அவன் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான். தெரிவுக்குப் பொறுப்பேற்றல் என்பதில், அத்தெரிவினால் கைவிடப்பட்டோருக்குப் பொறுப்பேற்றலும் அடங்கும் அன்றோ? பன்யன் இக்குறையைத் தாமே உணர்ந்தவர் போல 1684இல் இரண்டாம் பகுதியை வெளியிட்டார். அதில் மனைவியும் நான்கு புதல்வரும் தம் சொந்த விருப்பத்தால் புறப்படுகின்றனர். தந்தை நடந்த பாதையே ஆயினும், அவர்கள் ஒவ்வோர் அடியையும் தாமே வைக்க வேண்டியுள்ளது. மூத்த மகன் பகைவனின் தோட்டத்துக் கனியை, தாய் தடுத்தும் கேளாமல் உண்டு, பின்னர் நோயுற்று, மருந்து பெறுகிறான். தந்தையின் யாத்திரை அவனுக்கு மருந்தாகவில்லை.

தமிழ்க் காப்பியம் முதற் பகுதியையே அடிப்படையாகக் கொண்டது. எனவே இல்லத்தாரின் கூக்குரல் விடையின்றி நின்றுவிடுகிறது. குடும்பத்தைத் துறவுக்குத் தடையாகக் காணும் பழைய வாய்பாடு இவ்விடத்தில் புதிய பொருளோடு எளிதாக ஒட்டிக்கொள்கிறது. கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கும் இரட்சணிய சரிதப் படலத்தை மூலத்தில் இல்லாதவாறு தாமே சேர்த்தவர் கிருஷ்ண பிள்ளை. உணர்ச்சி மிக்க தேவாரப் பதிகங்களையும் இடையிடையே அமைத்தார். மூலத்தை மீறிச் செல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவு வீட்டுவாசலில் நின்றவர்களுக்கும் கிட்டியிருக்குமாயின் தமிழ்க் காப்பியம் இன்னும் உயர்ந்திருக்கும். திருநாவுக்கரசர் வரலாற்றில் தமக்கை திலகவதியார் பெறும் இடத்தை இங்கு ஒப்பிடலாம். தம்பியின் தெரிவை அவர் தடுக்க இயலவில்லை; அவரைக் கைவிடவுமில்லை. திருவதிகையில் காத்திருந்தார். தெரிவு செய்வோரின் பொறுப்போடு காத்திருப்போரின் அன்பையும் வைத்துப் பேசும் அந்த அகலம் யாத்திரிகத்தில் அமையவில்லை.

தந்தையும் மகனும்

நூல் விட்ட இடத்தை வாழ்க்கை நிரப்பியதற்கு ஒரு சான்று உண்டு. மேலே குறிப்பிட்ட தாமோதரம் பிள்ளை, கிறித்துவராகப் பிறந்து சைவத்திற்கு மீண்டவர். அவருடைய மகன் அழகசுந்தரம் (1873-1941) கிறித்துவத்தைத் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனப் பெயர் பெற்றார். அவரே 1921இல் ஜி.ஈ. பிலிப்ஸ் என்பாருடன் இணைந்து சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

தந்தையின் முடிவு மகனைக் கட்டவில்லை. மகனின் முடிவு தந்தையின் செல்வத்தை அவருக்கு அந்நியமாக்கவும் இல்லை. கிறித்துவரான மகன் தேவாரத்தையும் திருவாசகத்தையும் உலகுக்கு எடுத்துச் சென்றார். கிறித்துவராகப் பிறந்த தந்தை, செமினரியில் பெற்ற கல்வியோடு தமிழ் ஏடுகளைக் காத்தார். நாவலரும் மிஷன் பாடசாலையில் கற்ற முறைகளைக் கொண்டே சைவக் கல்வியைக் கட்டியெழுப்பினார். கிருஷ்ண பிள்ளை வைணவ வீட்டில் பெற்ற கம்பனைக் கொண்டே கிறித்துவக் காப்பியம் செய்தார். தாம் விட்டு வந்த இடத்தில் பெற்றதை இவர்கள் பழிக்காமல் பயன்படுத்தினர். தெரிவுக்குப் பொறுப்பேற்றலின் முதிர்ந்த வடிவம் இதுவெனலாம். இவர்களின் சமய வாதங்கள் கடுமையானவை. சில வேளைகளில் எல்லை கடந்தவை. ஆயினும் தம்மைப் பிறர் மாற்றிவிட்டனர் என்னும் புகாரை இவர்கள் தம் எழுத்துக்கு ஆதாரமாக்கவில்லை.

மலேசிய வகுப்பறையில்

இவையெல்லாம் பழங்கதைகள் அல்ல. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர் என வரையறுக்கிறது. அதனடிப்படையில் பள்ளி மாணவர் பெரும்பாலோருக்குச் சமயம் என்பது சட்டப்படி பெற்றோரின் பொறுப்பு. பதினெட்டாம் பிறந்தநாளன்று அது திடீரென்று அவர்தம் பொறுப்பாகிறது. ஒரே இரவில் ஒருவர் பொறுப்பேற்கப் பழகிவிடுவதில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில், பிறர் எவ்வாறு தெரிவு செய்தனர், எவ்வாறு தவறினர், எவ்வாறு ஒப்புக்கொண்டனர் என்பதை இலக்கியத்தின் வழி கண்டவருக்கே அப்பொறுப்பு கைவரும். இப்பணி தமிழாசிரியருக்கு உரியது.

பினாங்குத் தீவின் பாயான் பாருவை எடுத்துக்கொள்வோம். 1969இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் திட்டத்தில் உருவான நகரியம் அது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரத்தின் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்தது. கோயிலும் தேவாலயமும் தோட்டத்து வாழ்வின் நடுவில் நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று இத்தகைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்கின்றனர். தோட்டத்தில் ஒருவரின் சமயத்தை ஊரே அறியும், ஊரே காக்கும். இங்கு வேலைநேரமும் நட்பும் கைப்பேசியும் வெவ்வேறு திசைகளில் இழுக்கின்றன. கிறித்துவத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும், படிப்பையும் தொழிலையும் துணையையும் தேர்வதும் இனி அவரவர் கையில் உள்ளன. பன்யன் கதையின் துடிப்பான இளைஞனைப் போலப் பிறந்த இடத்தின் பழக்கத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு, வினா எழும்போது மடியில் எடுக்க ஒன்றும் இராது. இந்து இளைஞருக்கும் இது பொருந்தும்.

ஆகவே இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கம்பனின் சாயல்களைக் காட்டியபின் மேலும் சில வினாக்களை மாணவர் முன் வைக்கலாம். இணங்கி வந்தவன் ஏன் திரும்பினான்? புல்வெளிப் பாதையில் இறங்கச் சொன்னவன் யார், மன்னிப்புக் கேட்டவன் யார்? காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் செய்தது சரியா? இவற்றுக்கு விடை கூறக் கிறித்துவராக இருக்க வேண்டியதில்லை. கிறித்துவராக இருப்பதனாலேயே விடை தெரிந்துவிடுவதுமில்லை. சமய போதனையாக மாறிவிடும் என்னும் அச்சத்தால் இவ்வினாக்களைத் தவிர்ப்போர், நூலை வெறும் யாப்புப் பயிற்சியாக்கிவிடுகின்றனர். மணிமேகலையைப் பௌத்தராகாமலும் தேம்பாவணியைக் கத்தோலிக்கராகாமலும் கற்பித்து வந்த நமக்கு இது புதிய பாதையன்று.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் கம்பனின் நிழலில் நிற்கும் நூல் என்னும் மதிப்பீடு அதன் பெருமையில் பாதியையே கூறுகிறது. விதியைக் காரணம் காட்டாமல், தன் சுமையைத் தானே சுமந்து, தன் தவறைத் தானே ஒப்பி நடக்கும் தலைவனைத் தமிழ் விருத்தத்தில் நடமாடவிட்டது அதன் மறுபாதிப் பெருமை. வீட்டில் விடப்பட்டோரை மறந்தது அதன் குறை. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும்போதே அது நம் இளைஞருக்குப் பயன்படும் நூலாகும். நாவலரும் தாமோதரம் பிள்ளையும் கிருஷ்ண பிள்ளையும் கிங்ஸ்பரியும் நான்கு முடிவுகளை எடுத்தனர். எவர் முடிவு சரி என்று தீர்ப்பளிப்பது இலக்கியத் துறையின் வேலையன்று. அவை அவர்தம் முடிவுகளே என்று ஏற்று வாசிப்பது அதன் கடமையாகும்.